வண்டி எடுக்கிற ஆள்

சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் எரிந்தன. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். இன்ஜின் ஒரே ஒரு தடவை பிடித்தது, உடனே அடங்கிவிட்டது. மறுபடி திருப்பினேன். கர் கர் என்று சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை.

"ஆக்சிலேட்டர மிதிச்சியா?" என்றார் பக்கத்து சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர்.

"இல்ல."

"மிதிச்சிருப்ப."

"மிதிக்கலங்க."

"மிதிக்காம எப்படி நிக்கும்? பொறு, பிளக்கு பெட்ரோல்ல மூழ்கியிருக்கும். கொஞ்ச நேரம் சும்மா விடு."

மல்காஜ்கிரியில் எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளம். திங்கட்கிழமை காலை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, செருப்பை விட்டு ஷூ மாட்டி, காரின் முன்னாலும் பின்னாலும் சிவப்பு 'எல்' ஒட்டி, ஐம்பத்து நான்கு வயதில் டிரைவிங் டெஸ்ட்டுக்குக் கிளம்பியிருந்தேன். கார் மட்டும் கிளம்பவில்லை.

இந்தத் தொடரில் என் கணவரை 'இவர்', 'இவர்' என்றே எழுதுகிறேன், பெயரைச் சொல்லக்கூடாதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சண்முகவேல். சொல்லிவிட்டேன். ஆனால் கை பழக்கம் விடமாட்டேன் என்கிறது, அதனால் இனியும் இவர்தான்.

கண்ணும் காரும்

இவருக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறியது போன வருஷம். எதிரே நிற்பவரின் தோள் தெரியும், மூக்கு தெரியாது. கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். மேலும் கெடாமல் நின்றது, அவ்வளவுதான். டாக்டரம்மா தெலுங்கில் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி, "இனிமேல் ஸ்டீரிங் வேண்டாம் சார்" என்றார். இவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் கார் சாவியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே நின்றார். அன்று ஒரு டிரைவரைக் கூப்பிட்டு வீடு வந்தோம்.

பூனாவில் இருக்கும் எங்கள் மகள் நித்யாவுக்கு எல்லாவற்றுக்கும் உடனடி முடிவு உண்டு. "நக்கோ அப்பா, டென்ஷனே வேணாம். வித்துருங்க. கேப் புக் பண்ணிக்கலாம்" என்றாள். ஹைதராபாத்தில் வளர்ந்த பிள்ளை. அவளுடைய தமிழில் வேண்டாம் என்பதற்கு நக்கோதான் முதலில் வரும். அவள் சிநேகிதியின் அண்ணனுக்கு இந்தக் கார் வேண்டுமாம், வந்து பார்க்கத் தயாராக இருக்கிறானாம்.

நான்தான், "நான் கத்துக்கிடுதேன்" என்றேன். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று அப்போது தோன்றியது.

போலாரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போய்வந்தே இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று, கார் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் கற்றுக்கொள்ளத் தொடங்கிய பிறகு ஒரு விஷயம் நடந்துவிட்டது. எனக்குக் கார் பிடித்துப்போய்விட்டது. ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் குழம்பில் உப்பு போட்டேனா என்ற நினைப்புகூட வருவதில்லை. இதை வெளியே சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன்.

கடைசியில் ஒரு உடன்பாடு. நான் லைசென்ஸ் வாங்கினால் கார் இருக்கும், இல்லாவிட்டால் போகும். முதல் டெஸ்ட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கம்பைச் சாய்த்துவிட்டேன். கற்றுக்கொள்பவருக்குக் கொடுக்கிற தற்காலிக லைசென்ஸ் இரண்டாவது டெஸ்ட் நடக்கிற வாரத்தோடு முடிகிறது. அந்தத் திங்கட்கிழமையை விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நித்யாவும் அவள் சிநேகிதியின் அண்ணனும் அதுவரை காத்திருக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை

கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் இழுவை குறைவு, காலையில் லேசாக உதறும், அவ்வளவுதான். டெஸ்ட்டில் நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் இவர் கீழே இறங்கினார், ஸ்பார்க் பிளக் மாற்ற.

"கண்ணு தெரியாம எப்படிங்க?"

"பிளக்க கண்ணாலயா கழத்துதாங்க? கையாலதான்."

அது உண்மை. இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து பிளக், ஃபில்டர், ஆயில் எல்லாம் இவரேதான். பானெட்டுக்குள் எது எங்கே இருக்கிறது என்று இவர் விரல்களுக்குத் தெரியும்.

இவர் ஓய்வு பெறும்வரை ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தார். அங்கே என்ன செய்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை சொன்னதில்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார். ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியதாக வரிசையில் இருக்க வேண்டும். எதையும் ஒரு கையால் வாங்கிக்கொண்டு இன்னொரு கையால் கொடுக்கக் கூடாது. வேலை நடக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது.

ஃபேனைக் கழற்றினால் ஒரு பெரிய ஏற்பாடே நடக்கும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அதன் முன்னால் ஆள் நிறுத்துவார். நித்யா சின்னவளாக இருந்தபோது அந்தக் காவல் வேலை அவளுக்கு. ஒரு தடவை, ஃப்ரிட்ஜில் பால் கெடுகிறது, கொஞ்ச நேரம் போடுடீ என்று நான் போனபோது, இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு, "அப்பா செப்தேனே" என்றாள். அப்பா சொன்னால்தானாம். பால் கெட்டுத்தான் போயிற்று.

காரில் மட்டும் இந்தக் கெடுபிடி எதுவும் இருந்ததில்லை. பானெட்டைத் திறப்பார், வேலை பார்ப்பார், மூடுவார். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் ஒன்றும் கவனிக்காமல் மேலே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மேலே வந்தார். தொழிற்சாலை நாளின் பழைய காக்கிச் சட்டை, முன்பக்கம் முழுக்கக் கரி.

"முடிஞ்சிட்டு. வா, ஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "ராகுகாலம் முடியட்டும்ங்க. நாளைக்கு டெஸ்ட் வேற."

"ஸ்பார்க் பிளக்குக்கு ராகுகாலம் தெரியுமாக்கும்?"

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்லா."

இவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால் டெஸ்ட் என் டெஸ்ட் என்பதால் விட்டுவிட்டார். காக்கிச் சட்டையைக் குளியலறை வாசலிலேயே கழற்றச் சொல்லி, பால்கனியில் இருந்த பக்கெட்டில் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்தேன். ராகுகாலம் முடிகிற நேரத்துக்கு சங்கரன்கோவிலிலிருந்து இவர் தம்பி போன் செய்தார். அந்தப் பேச்சு முடிந்ததும் கண்ணுக்குச் சொட்டு மருந்து, பிறகு தோசை. கீழே போய் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் நினைவில்லை.

ரெஹானா சொன்னது

திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

பிளக் பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது என்று சும்மா விட்டுப் பார்த்தோம். மறுபடி திருப்பினேன். அதே கர் கர்.

இவர் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார். நேற்று மாட்டிய ஒவ்வொன்றையும் விரலால் தடவி, அமுக்கி, இழுத்துப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. ஹாரனை அடிக்கச் சொன்னார். அடித்தேன், கட்டடமே எழுந்திருக்கும் போலச் சத்தம் வந்தது.

"பேட்டரில கோளாறு இல்ல" என்றார். "ஸ்டார்ட்டரும் சுத்துது. பிளக்கும் புதுசு."

வாட்ச்மேன் யாதய்யா ஒரு கையில் பக்கெட்டும் தோளில் துணியுமாக வந்து எட்டிப் பார்த்தார். காலையில் எல்லாக் கார்களையும் துடைத்துவிடுவது அவர் வேலை. "ஏமைந்தி சார்? தோசேதமா?" என்றார். என்ன ஆச்சு, தள்ளிப் பார்ப்போமா என்று கேட்கிறார்.

"ஒத்து யாதய்யா" என்று இவர் வேண்டாமென்று கையசைத்தார். யாதய்யா எதிர் வரிசைக் காரைத் துடைக்கப் போனார்.

நான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கார் விஷயத்தில் எனக்கு இருந்த ஒரே ஆசிரியை ரெஹானா. மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் சந்துகளில் பெண்களுக்குக் கார் கற்றுக்கொடுப்பவள், என்னைவிட இருபது வயது சின்னவள். முதல் நாள் நான் சாவியைப் போட்ட வேகத்திலேயே ஒரே திருப்பாகத் திருப்பினேன். என் கை மேல் கை வைத்து நிறுத்தினாள். "கைக்கு ஜல்தி மேடம்? பத்தியாங் புஜ்னே தேவ்" என்றாள். என்ன அவசரம், அந்த விளக்குகள் அணையட்டும்.

அதிலிருந்து எனக்கு அது பழக்கமாகிவிட்டது. பாதி சாவி திருப்பிவிட்டு, டேஷ்போர்டு விளக்குகள் அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து சீட்டில் இவருக்குப் பொறுமை போய்விடும். "விமானமா ஓட்டப் போற?" என்பார். இவர் ஒரே திருப்பாகத் திருப்புகிற ஆள். நான் ஓட்டும்போது சும்மாவும் வரமாட்டார். இல்லாத பிரேக்கை வலது காலால் அமுக்கிக்கொண்டே வருவார். "நீ ஓட்டல கோமு. வண்டிதான் உன்னை ஓட்டிட்டுப் போவுது" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

ஆனால் அந்தக் காத்திருப்பில் எனக்கு ஒரு சத்தம் பழகியிருந்தது. பாதி சாவியில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து 'ங்ங்' என்று ஒரு முனகல் வரும், வந்து நிற்கும். ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது வருகிற சத்தத்தில் பாதி இருக்கும். அது என்ன என்று நான் யாரையும் கேட்டதில்லை. அது நின்றதும் கிளம்பலாம் என்று நானே வைத்துக்கொண்டேன்.

வராத சத்தம்

"ஏங்க" என்றேன். "பின்னாலருந்து ஒரு சத்தம் வருமே. அது இன்னைக்கு வரல."

"என்ன சத்தம்?"

"சாவியப் பாதி திருப்பினதும் வருமே, முனகுற மாதிரி."

இவர் பானெட்டிலிருந்து நிமிர்ந்தார். ஏதோ கேலியாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பின் கதவைத் திறந்து, சீட்டில் காதை வைத்துப் படுத்தார்.

"திருப்பு."

திருப்பினேன்.

"இன்னொரு தடவ."

யாதய்யா துணியைப் பக்கெட்டில் முக்கிப் பிழிகிற சத்தம்தான் கேட்டது. இவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"பெட்ரோல் பம்பு கோமு. அதான் முனகும். பெட்ரோல் முன்னால போவல. குழாய்ல இருந்த மிச்சத்துலதான் முதல் தடவ பிடிச்சிருக்கு."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"பம்புக்குக் கரன்ட் வரலன்னா ஃபியூஸ். கரன்ட் வந்தும் ஓடலன்னா பம்பே போச்சு. ஃபியூஸ் பெட்டியப் பாரு, எதாவது கருகியிருக்கான்னு."

ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்தது அந்தப் பெட்டி. குனிந்து, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். மூடியின் உட்புறம் எது எதற்கு என்று ஒட்டியிருந்த படம் எப்போதோ வெளிறிப்போயிருந்தது. உள்ளே சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நகமளவில் வரிசையாக ஃபியூஸ்கள். ஒவ்வொன்றாக உருவி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, திரும்பச் செருகினேன். உள்ளே இருக்கிற கம்பி எதிலும் அறுந்திருக்கவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சில குழி காலியா இருக்கு."

"அது எப்பவும் காலியாத்தான் இருக்கும். பெரிய மாடல் வண்டிக்கு உள்ளது."

அப்போ பம்புதான். பெட்ரோல் டேங்கை இறக்கி மாற்ற வேண்டும், அன்றைக்கு முடிகிற வேலை இல்லை என்றார். எதிரே இருந்த தூணின் அடியில், சிமென்ட் மேடையில் போய் உட்கார்ந்தார். கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"வித்துருவோம் கோமு" என்றார்.

நான் ஃபியூஸ் பெட்டியின் மூடியை அமுக்கி மூடினேன்.

"முந்தாநாள் வரைக்கும் ஓடிச்சு. நேத்து நான் கை வச்சேன், இன்னைக்கு நிக்குது. எங்க எதை இடிச்சேனோ, எந்த வயரை இழுத்தேனோ. கண்ணும் போச்சு, கையும் தப்பிப்போச்சு. நித்யா சொன்னது சரிதான்."

டெஸ்ட் போனால் போகட்டும். கண் போனபோதுகூட இவர் இப்படிப் பேசியதில்லை. தன் கையைத் தானே சந்தேகப்பட்டு இவரை நான் பார்த்ததே கிடையாது. காருக்குள் உட்கார்ந்து, அந்த ஸ்டீரிங்கின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஜரிகை போட்ட துணி

யாதய்யா எதிர் வரிசையை முடித்துவிட்டு எங்கள் காருக்கு வந்தார். எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவர் வேலை நடக்கும். என் முன்னால் கண்ணாடியில் துணியை வைத்து ஒரு வீச்சு வீசினார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தத் துணியைப் பார்த்தேன். சிவப்பு. ஓரத்தில் மெல்லிய ஜரிகை. ஜரிகைக்குப் பக்கத்தில் மஞ்சள் கறை.

வரலட்சுமி விரதம், நவராத்திரி என்று வருஷம் முழுக்க இந்த ஊரில் ரவிக்கைத் துணி வந்துகொண்டே இருக்கும். வெற்றிலை பாக்கோடு அவர்கள் நமக்குக் கொடுப்பார்கள், நாம் வேறு யாருக்காவது கொடுப்போம். நான் கொடுத்ததே சுற்றி எனக்குத் திரும்பி வந்ததும் உண்டு. யாருக்கும் கொடுக்க முடியாதபடி மஞ்சள் கறை பட்டது இந்த ஒன்றுதான். அலமாரியின் அடியில் கிடந்தது.

கதவைத் திறந்து இறங்கினேன். "யாதய்யா, இந்தத் துணி எக்கடிதி?" எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தார். "மீ காருலதே அம்மா. ஸ்டீரிங்குக்கு கட்டி உண்டே. சாரு நாகோசமே பெட்டிண்டு அனுகுன்னா." காலையில் நாங்கள் வருவதற்கு முன்னால், பூட்டாமல் கிடந்த எங்கள் காருக்குள் தூசி தட்டும்போது ஸ்டீரிங்கில் கட்டியிருந்ததாம். சார் தனக்காகத்தான் புதுத் துணி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாராம். போன மாதமே அவர் துணி கேட்டிருந்தார், அதனால் நினைத்ததில் தப்பில்லை.

தூண் அடியில் இருந்த இவர் எழுந்து நின்றுவிட்டார். இவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அது சலவை செய்த வெள்ளைச் சட்டை. பை காலி.

"கோமு" என்றார். "நேத்துப் போட்டிருந்த சட்டை எங்க?"

"பக்கெட்ல."

"எந்த பக்கெட்ல?"

"பால்கனி பக்கெட்ல, சோப்புல. ஏங்க?"

இவர் லிஃப்டைப் பார்த்து நடந்தார். வழியில் நின்ற ஸ்கூட்டரில் இடித்துக்கொண்டார். நான் முந்திக்கொண்டு ஓடினேன்.

காக்கிச் சட்டைப் பைக்கு மூடி உண்டு, மூடிக்குப் பொத்தான் உண்டு. பொத்தான் போட்டிருந்தது. சோப்புத் தண்ணீர் வழிய அதைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். நகமளவில் நீலமாக ஒரு ஃபியூஸ்.

தொழிற்சாலையில் அதுதான் வழக்கமாம். ஒரு இயந்திரத்தில் கை வைப்பதற்கு முன்னால், அதன் ஃபியூஸை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இயந்திரத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். வேலை முடிந்ததும், யார் உருவினாரோ அவர்தான் ஃபியூஸை மாட்ட வேண்டும், அவர்தான் துணியை அவிழ்க்க வேண்டும். இவர் உள்ளே கை விட்டிருக்கும்போது வேறு எவரோ வந்து ஸ்விட்சைப் போட்டுவிடக் கூடாதல்லவா. துணி இருக்கிறவரை ஃபியூஸ் மறக்காது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே செய்தவர், நான் ஸ்டார்ட் பண்ண இறங்கும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று மேலே வந்துவிட்டாராம். துணியை யாதய்யா எடுத்துப் போய்விட்டார்.

ஃபியூஸை முந்தானையில் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். இவர் கார்க் கதவைப் பிடித்தபடி வெளியே நின்றுகொண்டு குழியைச் சொன்னார். "மேல் வரிசை, இடது ஓரத்துலருந்து ரெண்டாவது. இறுக்கமா இருக்கும், பயப்படாம அமுக்கு."

அமுக்கினேன். உட்கார்ந்தது.

சாவியைப் பாதி திருப்பினேன். பின் சீட்டுக்கு அடியிலிருந்து 'ங்ங்' என்று வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. சத்தம் நின்றது. முழுக்கத் திருப்பினேன். ஒரே பிடி. உதறல் இல்லை, தடுமாற்றம் இல்லை. இத்தனை மாதத்தில் அவ்வளவு சுத்தமாக அந்த இன்ஜின் ஓடி நான் கேட்டதில்லை. பிளக் வேலையில் ஒரு குறையும் இல்லை.

"ஹவ்" என்றார் இவர். தொழிற்சாலையில் உருதுக்காரர்களோடு பழகி ஒட்டிக்கொண்ட 'ஆமாம்' அது. ஒரு வேலை மனசுக்குத் திருப்தியாக முடிந்தால் மட்டும் வரும்.

கேட் திறக்கும்வரை

ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். நேரம் இருந்தது, நெருக்கித்தான் இருந்தது. எனக்கு முன்னால் ஒரு பால் வண்டி.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே வந்தது. கேட்டுவிட்டேன்.

"எத்தனையோ வருஷமா இந்த வண்டியில வேலை பாக்கீங்க. ஒரு நாளாவது ஃபியூஸ எடுத்திருக்கீங்களா?"

"இல்ல."

"சிவப்புத் துணி?"

"இல்ல."

"நேத்து மட்டும் என்னத்துக்கு?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பிளக்கு கழண்டு கிடக்கும்போது யாராவது சாவியத் திருப்புனா பெட்ரோல் வெளிய தெளிக்கும். ஒரு பொறி போதும்."

"அது முன்னாலயும் அப்படித்தான?"

"முன்னால வண்டி எடுக்கதுக்கு நான் மட்டும்தான இருந்தேன்" என்றார். "இப்ப இன்னொரு ஆள் இருக்குல்லா. உன் பையிலயும் ஒரு சாவி கெடக்கு."

ரயில் வந்தது. நீளமான சரக்கு ரயில். அது போகிறவரை பேச முடியவில்லை, அது நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு நாளும் நான் ஓட்டவில்லை, வண்டிதான் என்னை ஓட்டுகிறது என்று சொன்ன மனிதர், ஸ்டீரிங்கில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வேலை பார்த்திருக்கிறார். எனக்காக மட்டுமே கட்டிய துணி. ஏனென்றால் இந்த உலகத்தில் அந்தக் காரை எடுக்க வேறு யாரும் இல்லை. அதை என்னிடம் சொல்லாமல் கட்டியிருக்கிறார், அதுதான் இவர்.

கேட் திறந்தது. பாதி சாவி திருப்பிக் காத்திருந்தேன். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார். இவர் தலையை வெளியே நீட்டி, "கைக்கு ஜல்தி பாய்?" என்றார்.

டெஸ்ட் மைதானத்தில் வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். முன்னால் போய், வளைத்து, கம்புகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்க வேண்டும். இவரை மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தூரத்துக்கு இவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார். போன தடவை சாய்ந்த கம்பு இந்தத் தடவை கண்ணாடியில் நிமிர்ந்தே நின்றது. அதிகாரி என் பேப்பரைப் பார்த்தார், "டீச்சரா?" என்றார், "வெள்ளண்டி" என்றார். போகலாமாம்.

"பாஸ்" என்று இவரிடம் வந்து சொன்னேன்.

"தெரியும். கியர் மாத்துன சத்தத்துலயே தெரிஞ்சிட்டு."

வீட்டுக்கு வந்ததும் இவர் மேலே வரவில்லை. தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, முன்னும் பின்னும் ஒட்டியிருந்த 'எல்'லை நகத்தால் சுரண்டி உரித்து, பசை போக எண்ணெய் தடவித் தேய்த்தார். சிவப்புத் துணியை யாதய்யாவே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். இவர் கேட்கவில்லை. அவருக்கு மஞ்சளில் ஒரு புதுத் துணி வாங்கிக் கொடுத்துவிட்டு, இதைத் துவைத்து காருக்குள் சீட்டுக்கு அடியில் வைத்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் நித்யா போன் செய்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அம்மா பாஸானதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும், "என் ஃப்ரெண்டோட அண்ணன் சண்டே வரட்டுமான்னு கேக்குறாரு அப்பா. கார் விஷயம் என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"என்கிட்ட என்னத்துக்குக் கேக்க?" என்றார் இவர். "வண்டி எடுக்கவகிட்ட கேளு."

போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். கையில் இன்னும் தேங்காய் எண்ணெய் வாசனை இருந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

"விக்கல நித்யா" என்றேன்.